சன்னத்தின் விட்டமும் நுண்ணளவையின் வரலாறும்

பௌதிகவியல் ஆய்வுகூடத்தில் முதன்முதலாகக் காலடி வைக்கும் மாணவன் கையிற் கொடுக்கப்படும் கருவிகள் இரண்டு. ஒன்று வேணியர் இடுக்கிமானி. மற்றது நுண்மானித் திருகுக் கணிச்சி. மெல்லிய கம்பியொன்றின் விட்டத்தை ஒரு மில்லிமீற்றரின் நூறிலொரு பங்குவரை அளக்க அவன் கற்கின்றான். பூச்சிய வழுவைத் திருத்தவும், ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளில் அளந்து சராசரி காணவும் பழகுகின்றான். ஆயின், இத்தகைய நுண்மை மனிதனுக்கு ஏன் வேண்டியதாயிற்று, எத்தேவை இக்கருவிகளை அறிஞரின் மேசையிலிருந்து தொழிலாளியின் சட்டைப்பைக்குக் கொண்டுவந்தது என்னும் வினா ஆய்வுகூடத்திற் பெரும்பாலும் எழுவதில்லை.

வேணியரின் அளவுகோல் 1631 ஆம் ஆண்டுக்குரியது. திருகின் சுழற்சியால் நுண்ணிய நீளங்களை அளக்கும் முறையினை வானியலாளர் பதினேழாம் நூற்றாண்டிலேயே அறிந்திருந்தனர். எனவே அறிவு முன்னரே இருந்தது. அதனை நாள்தோறும் பயன்படுத்தவேண்டிய கட்டாயமே இருக்கவில்லை. அக்கட்டாயத்தை உண்டாக்கியவற்றுள் முதன்மையானது துப்பாக்கிக் குழலும் அதனுள் இடப்படும் சன்னமும் ஆகும். குழலுக்கும் சன்னத்துக்கும் இடையேயுள்ள சிறு வெளியை ஒடுக்கும் முயற்சியின் வரலாறே, பெருமளவுக்கு, இன்றைய நுண்ணளவையின் வரலாறாகவும் அமைந்துள்ளது என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். சன்னம் என இங்குக் குறிப்பது குழலிலிருந்து வெளியேறிப் பறக்கும் ஈயத்தை; தோட்டா என்பது சன்னம், வெடிமருந்து, அவற்றைத் தாங்கும் கோது ஆகிய யாவும் ஒருங்கே சேர்ந்தது.

நிறையால் அளந்த காலம்

நம் நாட்டிற் பயிர்க்காவலுக்கென அனுமதி பெற்று வைத்திருக்கும் துவக்குகள் பலவற்றை ‘12 போர்’ என வழங்குகின்றோம். இங்குப் ‘போர்’ என்பது யுத்தமன்று. துளையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே தமிழொலியில் இவ்வாறு மயங்குகின்றது. பன்னிரண்டு என்னும் எண்ணோ அங்குலத்தையும் குறிப்பதில்லை, மில்லிமீற்றரையும் குறிப்பதில்லை. ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால், அவற்றுள் ஒன்று எக்குழலுக்குப் பொருந்துமோ அக்குழலே 12 போர். அதன் விட்டம் ஏறத்தாழ 0.729 அங்குலம். எண் கூடக்கூடத் துளை சிறுக்கும். 20 போர் 12 போரிலும் ஒடுங்கியது.

இவ்வழக்கில் ஒரு நுட்பம் அடங்கியுள்ளது. விட்டத்தை நேரடியாக அளக்கத் தகுந்த கருவியில்லாத காலத்திலும் தராசு இருந்தது. உருண்டையின் நிறை விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுவதால், விட்டத்தில் நூற்றுக்கு ஒன்று வேறுபட்டால் நிறையில் நூற்றுக்கு மூன்று வேறுபடும். எனவே கண்ணுக்குப் புலப்படாத வேறுபாட்டைத் தராசு பெருக்கிக் காட்டியது. எண்ணவும் நிறுக்கவும் தெரிந்த எந்தக் கொல்லனும் இம்முறையால் ஓரளவு ஒத்த சன்னங்களை வார்க்க இயன்றது.

அக்காலப் போர்முறைக்கு அந்த ‘ஓரளவு’ போதியதாகவே இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயக் காலாட்படை ஏந்திய மஸ்கெற்றுத் துப்பாக்கியின் குழல் விட்டம் ஏறக்குறைய 0.75 அங்குலம், அதற்குரிய சன்னத்தின் விட்டமோ ஏறக்குறைய 0.69 அங்குலம். இடைவெளி அங்குலத்தில் நூறில் ஆறு பங்கு. வெடிமருந்தின் கரி குழலிற் படிந்தபோதும் விரைந்து நிரப்பவேண்டும் என்பதற்காகவே இவ்விடைவெளி விடப்பட்டது. அதன் விலை குறி தவறுதலாகும். தளர்ந்த சன்னம் குழலின் சுவர்களில் மாறிமாறி மோதி, கடைசியாக எப்பக்கம் மோதியதோ அதற்கேற்பத் திசை மாறிப் பறந்தது. நெருங்கி நின்ற அணியை நோக்கி ஒருங்கே சுடும் படைக்குத் தனியொரு சன்னத்தின் திசை பெரிதாகத் தோன்றவில்லை.

செல்லும் வளையமும் செல்லா வளையமும்

மாற்றம் முதலிற் பீரங்கியில் தொடங்கியது. பிரான்சின் பீரங்கிப் படையை 1765 ஆம் ஆண்டு தொட்டுச் சீரமைத்த கிரிபோவால் என்னும் தளபதி, குண்டுக்கும் குழலுக்கும் இடைப்பட்ட வெளியைக் குறைத்தால் வெடிமருந்தின் வலு வீணாகாது என்பதையும், அதனாற் குறுகிய, பாரங்குறைந்த பீரங்கிகளே போதுமாகும் என்பதையும் உணர்ந்தவர். ஆயின், பல வார்ப்பாலைகளிலிருந்து வந்து குவியும் ஆயிரக்கணக்கான குண்டுகளை எவ்வாறு சோதிப்பது?

அவரது முறையிற் பயன்பட்டவை இரு வளையங்கள். பெரிய வளையத்தினுள் குண்டு எப்பக்கம் திருப்பினும் நுழையவேண்டும். சிறிய வளையத்தினுள் எப்பக்கம் திருப்பினும் நுழையலாகாது. இவ்விரண்டுக்கும் இணங்கிய குண்டே ஏற்கப்பட்டது. இம்முறையின் சிறப்பு அது எண்ணையே பயன்படுத்தாமையாகும். குண்டின் விட்டம் எவ்வளவு என்று அது வினவுவதில்லை; வகுத்த இரு எல்லைகளுக்குள் அடங்குகின்றதா என்று மட்டுமே வினவுகின்றது. எழுத்தறியாத ஒருவரும் இதனைச் செய்யலாம். தேர்ந்த கைவினைஞரும் இதன் தீர்ப்பை மறுக்கமுடியாது. முழு நிறைவான பொருள் உலகில் இல்லை, பொறுக்கத்தக்க வழுவுக்கு எல்லை வகுப்பதே இயலக்கூடியது என்னும் கருத்து இங்கே கருவியுருப் பெற்றது எனலாம்.

இதே சிந்தனையை ஒனோரே பிளாங்க் என்னும் துப்பாக்கிக் கம்மியர் காலாட்படைத் துப்பாக்கிக்கு விரித்தார். 1785 ஆம் ஆண்டிற் பாரிசுக்கு அருகிலுள்ள வென்சென் கோட்டையில், பல சுடுபொறிகளைக் கழற்றி அவற்றின் உறுப்புகளைக் கலந்து வைத்து, கைக்கு வந்ததை எடுத்துப் பூட்டினாலும் அவை பொருந்துவதைக் காட்டினார். அப்போது பிரான்சில் அமெரிக்கத் தூதராக இருந்த தோமஸ் ஜெபர்சன் தாமே அவற்றிற் சிலவற்றைப் பூட்டிப் பார்த்து, அச்செய்தியைத் தம் நாட்டுக்கு எழுதினார். பிளாங்கின் முறை பிரான்சில் நிலைபெறவில்லை. அது வேரூன்றிய மண் அமெரிக்காவாயிற்று.

கைவினைஞரும் கணிச்சியும்

அமெரிக்காவில் இம்முறையின் தந்தை எலி விற்னி எனப் பாடநூல்கள் நெடுங்காலம் கூறிவந்தன. 1798 ஆம் ஆண்டிற் பத்தாயிரம் மஸ்கெற்றுகளுக்கு ஒப்பந்தம் செய்த அவர், 1801 இல் வாஷிங்டனில் ஆட்சியாளர் முன்னிலையில் உறுப்புகளை மாற்றிப் பூட்டிக் காட்டினார் என்பது அக்கதை. ஆயின், 1960 ஆம் ஆண்டில் வரலாற்றாசிரியர் ரொபர்ட் வூட்பரி இக்கதையைக் கேள்விக்குள்ளாக்கினார். எஞ்சியிருக்கும் விற்னியின் துப்பாக்கிகளைக் கழற்றிப் பார்த்தபோது அவற்றின் உறுப்புகள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. புகழுரையை அளவைக்கு உட்படுத்தினால் நேர்வது யாது என்பதற்கு இது ஒரு நல்ல எடுத்துக்காட்டாகும்.

உண்மையில் இதனைச் சாதித்தவர் ஜோன் ஹோல். பொற்றோமாக் நதிக்கரையில் ஹாப்பேர்ஸ் பெரி என்னுமிடத்திலிருந்த அரசாங்க ஆயுதச்சாலையில், 1819 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்பேரில் அவர் தாம் வகுத்த பின்புறம் நிரப்பும் துப்பாக்கியைச் செய்யத் தொடங்கினார். அத்துப்பாக்கி ஒன்றைச் சோதிக்க அறுபதுக்கும் மேற்பட்ட கணிச்சிகள் பயன்பட்டன. தேய்ந்த கணிச்சியைத் தேய்ந்த கணிச்சியாற் சோதித்தால் வழு பெருகும் என்பதை உணர்ந்த ஹோல், வேலைக்கென ஒரு தொகுதியும் அதனைச் சோதிக்க மற்றொரு தொகுதியும் வைத்தார். ஓர் உறுப்பின் எல்லா அளவுகளையும் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்தே எடுத்தார். 1826–27 இல் வந்த ஆய்வுக்குழு, நூறு துப்பாக்கிகளைக் கழற்றி உறுப்புகளைக் கலந்து புதிய அடிக்கட்டைகளிற் பூட்டுவித்து, அவை குறைவின்றிப் பொருந்தக் கண்டது. 1834 அளவில், தொலைவிலுள்ள கனெக்டிகட்டில் சிமியன் நோத் செய்த உறுப்புகள் ஹாப்பேர்ஸ் பெரியிற் செய்தவற்றோடு பொருந்தின. ஒருவர் முகத்தை ஒருவர் காணாத இரு தொழிற்கூடங்கள் ஒரே அளவிற் பேசிய நிகழ்ச்சி அது.

இவ்வெற்றியின் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். அதுவரை ஆயுதக் கம்மியன் தன் அரத்தாலும் கண்ணாலும் ஒரு முழுத் துப்பாக்கியைப் பொருத்துபவன்; எது பொருந்தும் எது பொருந்தாது என்ற தீர்ப்பு அவனுடையது. கணிச்சி அத்தீர்ப்பை அவன் கையிலிருந்து எடுத்துவிட்டது. உறுப்பை அளந்த மனப்பான்மை விரைவில் நேரத்தையும் அளக்கப் புகுந்தது. 1842 ஆம் ஆண்டு ஹாப்பேர்ஸ் பெரியில் மணிக்கூட்டுக்குக் கட்டுப்பட்ட வேலைமுறை புகுத்தப்பட்டபோது, கம்மியர் வேலைநிறுத்தம் செய்து, கால்வாய்ப் படகிலேறி வாஷிங்டன் சென்று சனாதிபதி ரைலரிடம் முறையிட்டனர். வேலைக்குத் திரும்புமாறு கூறி அவர் அவர்களை அனுப்பிவைத்தார். நுண்ணளவையின் வரலாற்றை எழுதுவோர் இப்படகுப் பயணத்தை விட்டுவிடலாகாது.

ஒடுங்கிய வெளியும் 1857 உம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் சன்னத்தின் வடிவமே மாறியது. குழலின் உட்புறத்திற் சுருளாக வெட்டிய தவாளிப்புகள் சன்னத்தைச் சுழலச் செய்து நேராகப் பறக்கவைக்கும் என்பது முன்பே தெரிந்ததுதான். ஆயின், தவாளிப்பைப் பற்றுமளவுக்கு இறுகிய சன்னத்தைக் குழலின் வாய் வழியே திணிப்பது போர்க்களத்தில் இயலாத வேலை. பிரெஞ்சுப் படை அதிகாரி மினியே 1849 அளவில் இதற்குத் தீர்வு கண்டார். அவரது சன்னம் நீண்டது, அடிப்புறம் குழிந்தது. எளிதில் உள்ளே வழுக்கிச் செல்லுமாறு குழலிலும் சற்றுச் சிறியது. வெடித்த வாயு குழியை விரிக்க, சன்னம் பருத்துத் தவாளிப்பைப் பற்றிக்கொண்டது.

இக்கொள்கையைத் தழுவி ஆங்கிலேயர் 1853 ஆம் ஆண்டில் ஏற்ற என்பீல்ட் துப்பாக்கியின் துளை 0.577 அங்குலம். அதற்கெனத் தொடக்கத்தில் வகுத்த சன்னம் 0.568 அங்குலம். முன்னைய மஸ்கெற்றில் அங்குலத்தின் நூறில் ஆறு பங்காக இருந்த வெளி இப்போது ஆயிரத்தில் ஒன்பது பங்காகச் சுருங்கியது. அச்சிறு வெளியையும் சன்னத்தைச் சுற்றிய கடதாசி நிரப்பியது. ஆகவே கடதாசிக்கு நெய்ப்பூச்சு இன்றியமையாததாயிற்று. பழைய மஸ்கெற்றின் தளர்ந்த சன்னத்துக்கு அத்தகைய தேவை இருக்கவில்லை.

அந்த நெய்ப்பு என்ன விலங்கின் கொழுப்பு என்னும் ஐயம் 1857 சனவரியில் கல்கத்தாவுக்கு அருகிலுள்ள தம்தம் பாசறையிற் சிப்பாய்களிடையே பரவியது. தோட்டாவின் முனையைப் பல்லாற் கடித்துக் கிழிக்கவேண்டியிருந்தமையால், பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் பற்றிய செய்தி இரு சமயத்தாரையும் ஒருங்கே புண்படுத்தியது. மே மாதம் மீரட்டில் எழுச்சி வெடித்தது. அவ்வெழுச்சியின் காரணங்கள் பல. நிலவரி, நாடு கவர்தல், படையினரின் நீண்டகால மனக்குறை முதலியன அவற்றுள் அடங்கும். தோட்டாவே எழுச்சியைத் தோற்றுவித்தது எனக் கூறுதல் வரலாற்றை எளிமைப்படுத்துவதாகும். எனினும், அங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்குகளைக் கணக்கிட்டவர்கள், அக்கணக்கின் விளைவாக ஒரு மனிதனின் வாய்க்குள் என்ன செல்லும் என்பதை அவனது கண்கொண்டு பார்க்கவில்லை என்பது தெளிவு. பின்னர் என்பீல்ட் சன்னத்தின் விட்டம் 0.55 அங்குலமாகக் குறைக்கப்பட்டது. நெய்ப்புக்குத் தேன்மெழுகு முதன்மை பெற்றது.

இதே காலத்தில் மான்செஸ்ரரின் பொறியியலாளர் ஜோசப் விற்வேர்த், துப்பாக்கி ஏன் குறி தவறுகின்றது என ஆராயுமாறு 1854 இல் அரசினரால் வேண்டப்பட்டார். 1841 ஆம் ஆண்டிலேயே திருகுப் புரிகளுக்குப் பொதுவான அளவுமுறையை முன்வைத்தவர் அவர். அங்குலத்தின் பத்துலட்சத்திலொரு பங்கினை உணர்த்தும் அளவைப்பொறியைச் செய்தவரும் அவரே. தம் வீட்டு நிலத்தில் ஐந்நூறு யார் நீளமான மூடிய கூடமொன்றை எழுப்பிக் காற்றின் குறுக்கீடின்றிச் சோதனைகள் நடத்தினார். அவர் வகுத்த துப்பாக்கியின் துளை அறுகோணமானது. எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடைப்பட்ட தூரம் 0.451 அங்குலம். 1857 ஆம் ஆண்டுச் சோதனையில் ஐந்நூறு யார் தூரத்தில் என்பீல்ட் சன்னங்களின் சராசரி விலகல் 2.24 அடியாக இருக்க, விற்வேர்த்தின் சன்னங்களது விலகல் 0.37 அடியாகவே இருந்தது. இருந்தும் படை அதனைப் பொதுவழக்குக்கு ஏற்கவில்லை. ஒடுங்கிய துளையில் விரைவிற் கரி படிந்தது, செலவும் மிகுதி. நுண்மை மிகும்போது அதன் தேவைகளும் மிகும் என்பது மீண்டும் புலனாயிற்று.

விற்வேர்த் விட்டுச்சென்றவற்றுட் சிறந்தது அளத்தல் பற்றிய கருத்தாகும். கோடிட்ட அளவுகோலைக் கண்ணாற் பார்ப்பதைவிட, இரு தளங்களுக்கு இடையே பொருளை வைத்துத் தொடுகையால் உணர்வதே நுண்மை மிக்கது என அவர் வாதிட்டார். இன்று நுண்மானித் திருகின் முனையில் ‘கிறிக், கிறிக்’ என ஒலிக்கும் சிறு தலை எதற்கு? அழுத்தும் விசை எக்கையிலும் ஒன்றாக இருப்பதற்கே. தொடுகை தீர்ப்பளிக்கவேண்டுமாயின் தொடுகை மாறாதிருக்கவேண்டும் அன்றோ?

உடன்படாத மூன்று கணிச்சிகள்

1860களிற் கடதாசித் தோட்டாவின் இடத்தை உலோகத் தோட்டா பற்றிக்கொண்டது. பித்தளைத் தகட்டைப் படிப்படியாக இழுத்துக் கிண்ணமாக்கிக் கோது செய்யப்படும். தகட்டின் தடிப்புச் சற்று மிஞ்சினால் அச்சுப்பொறி திணறும். குறைந்தாற் கோது பிளக்கும். ஆகவே தோட்டாத் தொழிலாளிக்குத் தகட்டின் தடிப்பு உயிர்நிலையாயிற்று.

1867 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திலுள்ள பிறிட்ஜ்போட் நகரத்துப் பித்தளை ஆலையொன்று, யூனியன் மெற்றாலிக் கார்ட்றிஜ் என்னும் தோட்டாக் கம்பனிக்கு அனுப்பிய தகடுகள் ‘அளவு பிழை’ எனத் திருப்பியனுப்பப்பட்டன. அனுப்பியவர்கள் தம் கணிச்சியால் மீண்டும் அளந்தனர். அளவு சரியாகவே இருந்தது. அக்காலக் கணிச்சி என்பது பல அளவுகளிற் பிளவுகள் வெட்டிய உருக்குத் தட்டு. தகடு எப்பிளவில் நுழைகின்றதோ அப்பிளவின் இலக்கமே அதன் தடிப்பு. வாங்கியவரின் கணிச்சியையும் விற்றவரின் கணிச்சியையும் மூன்றாவது கணிச்சி ஒன்றையும் ஒப்பிட்டபோது, அவற்றுள் எந்த இரண்டும் ஒத்திருக்கவில்லை. இரு தரப்பாரும் நேர்மையாளர்; இரு தரப்பாரும் கவனமாகவே அளந்தனர். பிழைத்தது அளவை அன்று, அளவைக்கு அடிப்படையான உடன்பாடே.

ஆலையின் மேற்பார்வையாளரான வில்மொற் என்பவர், பிளவுத் தட்டைக் கைவிட்டு, அங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்கை நேரே காட்டும் சிறு திருகுக் கருவியைச் செய்வித்தார். அதனை றோட் ஐலண்டிலுள்ள பிறவுண்–ஷாப் என்னும் கருவி செய்வோரிடம் காட்டினார். அதே 1867 இல் அக்கம்பனியின் பங்காளிகள் பாரிசுக் கண்காட்சியில், பல்மேர் என்னும் பிரெஞ்சுக் கம்மியர் 1848 இல் உரிமம் பெற்ற திருகுக் கணிச்சியைக் கண்டனர். இவ்விரண்டின் பயனாக, சட்டைப்பையில் இடத்தக்க நுண்மானி அடுத்த ஈராண்டுகளுள் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதன் பின்னர் எத்தொழிலாளியும், எந்த ஊரிலிருந்தும், தட்டின் இலக்கத்தை விட்டு ஆயிரத்திலொரு பங்குகளிற் பேசலானான். நம் ஆய்வுகூட மேசையிலுள்ள கணிச்சியின் வமிசாவளியில் ஒரு தோட்டாக் கம்பனியின் வழக்கும் இருக்கின்றது.

மீள நிரப்புவோரின் அளவைகள்

உலோகக் கோது மற்றொரு வழக்கத்தையும் தோற்றுவித்தது. சுட்டபின் எஞ்சும் பித்தளைக் கோதே தோட்டாவின் விலையுயர்ந்த பகுதி. அதனைத் துப்புரவாக்கி, அடியிலுள்ள தீமூட்டியை மாற்றி, மருந்தும் சன்னமும் இட்டு மீண்டும் பயன்படுத்தலாம். 1880களில் அமெரிக்கப் படைமுகாம்களுக்குப் பிராங்போர்ட் ஆயுதச்சாலை இதற்கான கருவிகளை வழங்கியது. ஆங்கிலேயரான பொக்சரின் தீமூட்டி அமெரிக்காவிலும், அமெரிக்கரான பேர்டனின் தீமூட்டி ஐரோப்பாவிலும் நிலைபெற்றமை ஒரு விந்தை. பொக்சர் முறையிற் கோதின் அடியில் நடுவே ஒரே துளை இருப்பதால், உள்ளிருந்து ஊசியாற் குத்தித் தீமூட்டியை அகற்றுதல் எளிது. மீள நிரப்பும் வழக்கம் அமெரிக்காவிற் பரவியமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

ஆலையில் இலட்சக்கணக்கில் நடைபெறும் சோதனையைத் தன்னந்தனியே தன் மேசையிற் செய்யவேண்டியவன் மீள நிரப்புவோன். அளவு பிழைத்தால் அமுக்கம் எல்லை மீறும். துப்பாக்கி அவன் கண்ணெதிரே பிளக்கலாம். ஆகவே, நுண்ணளவையின் சிக்கல்கள் யாவும் அவனை வந்து சூழ்ந்தன.

முதலாவது சிக்கல் பெயருக்கும் அளவுக்கும் உள்ள முரண்பாடு. பிரித்தானியப் படையின் புகழ்பெற்ற ‘303’ துப்பாக்கியின் சன்னம் 0.303 அங்குலமன்று, ஏறத்தாழ 0.311 அங்குலம். ‘38 ஸ்பெஷல்’ எனப்படுவதன் சன்னம் 0.357 அங்குலம். சிலர் தவாளிப்புகளுக்கு இடைப்பட்ட மேட்டிலிருந்து மேட்டுக்கு அளந்து பெயரிட்டனர். சிலர் பள்ளத்திலிருந்து பள்ளத்துக்கு அளந்தனர். சிலர் பழைய கோதின் பெயரையே தொடர்ந்தனர். பெயர் வரலாற்றைச் சொல்லும். விட்டத்தைக் கணிச்சியே சொல்லும்.

இரண்டாவது சிக்கல் வடிவம் பற்றியது. குழலின் உண்மையான விட்டத்தை அறிய, மெல்லிய ஈயத்துண்டொன்றைக் குழலினூடே தள்ளி, அதிற் பதிந்த தடத்தை அளப்பர. தவாளிப்புகள் நான்கு அல்லது ஆறாயின் பள்ளங்கள் எதிரெதிரே அமையும். நுண்மானியின் இரு தாடைகள் போதும். ஆயின், 303 துப்பாக்கியிற் பெரும்பாலும் ஐந்து தவாளிப்புகள். ஒரு பள்ளத்துக்கு எதிரே ஒரு மேடு வந்துவிடும். இரு தாடைகள் காட்டும் எண் எதன் அளவும் அன்று. இங்கு V வடிவத் தாங்கியில் வைத்து மூன்று புள்ளிகளில் தொட்டு அளத்தல் வேண்டும். வட்டம் போலத் தோன்றுவதெல்லாம் வட்டமன்று என்பதை ஆய்வுகூட மாணவனுக்கு இதனினும் தெளிவாக உணர்த்தும் எடுத்துக்காட்டு அரிது.

மூன்றாவது, நீளம். சன்னத்தின் கூர்நுனி ஆலையிலேயே சிறிது நசுங்கவோ வேறுபடவோ கூடும். நுனியிலிருந்து அளந்த தோட்டாவின் நீளம் ஒன்றுக்கொன்று வேறுபட்டாலும், தவாளிப்பின் தொடக்கத்தைத் தொடும் வளைவுப் பகுதி ஒரே இடத்தில் இருக்கலாம். குறி தவறாமைக்கு முக்கியமானது அவ்வளைவின் இடமே. ஆதலால், குறித்த விட்டமுள்ள துளையொன்றில் வளைவைப் பொருத்தி அங்கிருந்து நீளத்தை ஒப்பிடும் கருவி வழக்கிற்கு வந்தது. எங்கிருந்து அளப்பது என்பதை முடிவு செய்யாமல் எவ்வளவு என்று கூறுதல் பயனற்றது. ஹோல் தம் துப்பாக்கிக்கு ஒரே தொடக்கப் புள்ளி வகுத்ததும் இதனாலேயே.

பிராங்ளின் மான் என்னும் அமெரிக்க மருத்துவர், பல்லாண்டுச் சோதனைகளின் முடிவுகளை 1909 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். சன்னத்தின் அடிப்புற ஓரத்தில் வேண்டுமென்றே சிறு பழுதுகளை உண்டாக்கிச் சுட்டு, அப்பழுது இலக்கில் எவ்வளவு விலகலாக மாறுகின்றதெனப் பதிவு செய்தவர் அவர். சுடுவோனின் கைப்பிழை எனக் கருதப்பட்டவற்றுட் பல, சுடுமுன்னரே சன்னத்தில் இருந்த அளவுப்பிழைகள் என்பது இவற்றாற் புலனாயிற்று.

நூற்றிரண்டு உருக்குக் கட்டைகள்

எல்லாக் கணிச்சிகளையும் சோதிக்கும் கணிச்சி எது? இவ்வினாவுக்கு விடை கண்டவரும் ஓர் ஆயுதச்சாலைத் தொழிலாளரே. சுவீடனின் எஸ்கில்ஸ்தூனா நகரத்து அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலையில் ஆயுத மேற்பார்வையாளராக இருந்த கார்ல் எட்வார்ட் யொஹான்சன், 1894 ஆம் ஆண்டில், சுவீடன் ஏற்ற மௌசர் துப்பாக்கியின் செய்முறையை அறிய ஜேர்மனியின் ஓபேர்ண்டோர்ப் நகருக்குச் சென்ற குழுவில் ஒருவர். அங்கு ஒவ்வோர் அளவுக்கும் ஒவ்வொரு தனிக்கணிச்சியாகக் குவிந்திருந்தவற்றைக் கண்டு, சில கட்டைகளைச் சேர்த்துச் சேர்த்து எல்லா அளவுகளையும் ஆக்கமுடியாதா எனத் திரும்பும் வழியில் எண்ணினார்.

1896 இல் அவர் வகுத்த தொகுதியில் 102 கட்டைகள். 1.01 மில்லிமீற்றரிலிருந்து 1.49 வரை நூறிலொரு பங்காக உயர்வன 49, 0.5 இலிருந்து 24.5 வரை அரை மில்லிமீற்றராக உயர்வன 49. 25, 50, 75, 100 மில்லிமீற்றர்க் கட்டைகள் நான்கு. இவற்றைக் கூட்டியே 1 முதல் 201 மில்லிமீற்றர் வரை நூறிலொரு பங்கு இடைவெளியில் இருபதாயிரம் அளவுகளை ஆக்கலாம். மனைவியின் தையற்பொறியைத் தேய்ப்புப்பொறியாக மாற்றி, வீட்டிலேயே அவர் கட்டைகளை மெருகேற்றினார். நன்கு மெருகேறிய இரு கட்டைகளை அழுத்தித் திருகினால் அவை ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். அவற்றிடையே வெளி இல்லையென்றே கூறலாம். குழலுக்கும் சன்னத்துக்கும் இடையே இருந்த வெளியை ஒடுக்கப் புறப்பட்ட வரலாறு இங்கே ஓர் எல்லையைத் தொட்டது.

ஆங்கில அங்குலமும் அமெரிக்க அங்குலமும் சிறிதே வேறுபட்டிருந்த அந்நாளில், இரண்டுக்கும் இடைப்பட்ட 25.4 மில்லிமீற்றரை யொஹான்சன் கொண்டார். அளக்கும் வெப்பநிலையை 20 பாகை செல்சியசு என வரையறுத்தார். 1931 இல் அவ்வெப்பநிலை சருவதேச நியமமாயிற்று. 1959 ஆம் ஆண்டில் ஆங்கில மொழி வழங்கும் நாடுகள் 25.4 ஐயே அங்குலமாக உடன்பட்டு ஏற்றன. 1923 இல் யொஹான்சன் ஹென்றி போர்ட்டின் மோட்டார்க் கம்பனியிற் சேர்ந்தார். ஆயுதச்சாலையிற் பிறந்த கட்டைகள் உழவு இயந்திரத்துக்கும் தையற்பொறிக்கும் மருத்துவக் கருவிக்கும் அளவுகோலாயின.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து பெறத்தக்க முடிவுகள் இரண்டு எனலாம். முதலாவது, நுண்மை என்பது தனியொருவரின் கூர்ந்த பார்வையால் மட்டும் விளைவதன்று. கிரிபோவாலின் வளையம், ஹோலின் இரட்டைக் கணிச்சித் தொகுதி, விற்வேர்த்தின் தொடுகை, வில்மொற்றின் திருகு, யொஹான்சனின் கட்டை ஆகிய யாவும் ஒரே வினாவுக்கு விடைகள்: ஒருவரையொருவர் அறியாத பல கைகள் எவ்வாறு ஒரே அளவில் உடன்படுவது? உடன்படாவிடிற் சன்னம் அதனை மறைக்காது. குழலில் இறுகும், அல்லது குறி தவறும், அல்லது வெடித்துப் பிளக்கும். வேறு தொழில்களில் நூற்றாண்டுக்கணக்கிற் பொறுத்துக்கொள்ளப்பட்ட வழுக்கள் இங்குப் பொறுக்கப்படாமைக்கு இதுவே காரணம். அரசுகள் பொருளை வாரி இறைத்தமைக்கும் இதுவே காரணம்.

இரண்டாவது முடிவு மகிழ்ச்சி தருவதன்று. பிறிட்ஜ்போட்டின் தகடுகள் திருப்பியனுப்பப்பட்டதற்கு மறு ஆண்டு, 1868 இல், சென் பீற்றர்ஸ்பேர்க் நகரிற் கூடிய அரசுகள் போரின் கொடுமைக்கு எல்லை வகுக்க முயன்றன. 400 கிராமிலும் நிறை குறைந்த வெடிக்கும் எறிபொருள்களை மனிதர்மீது ஏவுவதில்லை என உடன்பட்டன. பீரங்கிக் குண்டையும் காலாளின் சன்னத்தையும் பிரிக்கும் எல்லையாக அந்நிறை கொள்ளப்பட்டது. 1899 இல் ஹேக் நகரில், உடலினுள் விரிந்து சிதையும் சன்னங்கள் விலக்கப்பட்டன. அத்தகைய சன்னம் செய்யப்பட்ட தம்தம், 1857 இன் வதந்தி எழுந்த அதே தம்தம்தான். ஒரே தசாப்தத்தில் மனிதன் சன்னத்தின் தடிப்பை அங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்குவரை வகுத்தான். சன்னம் உண்டாக்கும் துன்பத்துக்கும் கிராம்கணக்கில் ஓர் எல்லை வகுத்தான். முதலாவது உடன்பாடு நாளுக்கு நாள் கூர்மையடைந்து, இன்று உலகின் எந்தத் தொழிற்கூடத்திலும் மீறப்படாது நிலவுகின்றது. இரண்டாவதைக் காக்கும் கணிச்சி இன்னும் செய்யப்படவில்லை. போரின் விலையை நேரிற் கண்ட இந்நாட்டிலிருந்து இதனை எழுதுவோர்க்கும் படிப்போர்க்கும் அதனை விளக்கவேண்டியதில்லை.

ஆய்வுகூடத்தில் நுண்மானியின் தாடைகளை மூடிப் பூச்சிய வழுவைப் பார்க்கும் மாணவன், தன் கருவி எப்போதும் பூச்சியத்திலிருந்து தொடங்குவதில்லை என்பதை அறிகின்றான். கருவிகளின் வரலாறும் அத்தகையதே. அவ்வழுவை அறிந்து திருத்திய பின்னரே நாம் பெறும் அளவு மெய்யாகும்.